இலவசமும் வாசகனும்: தமிழ் அச்சுலக வரலாற்றில் ஓர் உறவுமாற்றம்

1

சஞ்சிகையொன்றை வாங்குபவனுக்கு அதனுடன் வேறொரு பொருளை விலையின்றிக் கொடுத்து, அவனைத் தொடர்ந்து தன்பால் நிறுத்திக்கொள்ளும் முறை இன்று எவர்க்கும் வியப்பளிப்பதில்லை. சீப்பும் சவர்க்காரமும் நாட்காட்டியும் இறுவட்டும் இவ்வாறு வாசகன் கையை அடைந்துள்ளன. இதனை வெறும் விற்பனைத் தந்திரம் எனக் கூறி ஒதுக்கிவிடுவோர் உளர். ஆயின், எழுதுவோன், வெளியிடுவோன், வாசிப்போன் ஆகிய மூவர்க்கும் இடையிலான பொருளாதார உறவு எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதை அறிவதற்கு இவ்விலவசம் போன்று தெளிவான சான்று பிறிதொன்றில்லை. அவ்வுறவின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் நோக்குமுனையாகத் தாராபுரத்தைக் கொள்கின்றோம். மன்னார் நகருக்கும் தலைமன்னாருக்கும் இடையில் அமைந்த முஸ்லிம் கிராமம் அது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தொடங்கிய கப்பற் சேவையினால், தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வரும் தபாலும் பயணியும் கடந்துசென்ற வழியில் இக்கிராமம் இருந்தது. 1964 டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்துடன் தொடர்ந்த அச்சேவை, 1980களின் போர்ச் சூழலில் நின்றுபோயிற்று. தமிழகத்துச் சஞ்சிகையும் அதன் பரிசுப் போட்டியும் ஈழத்து வாசகனை நாடி வந்த வாயில் இக்கரை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2

பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் இலக்கியத்தோடு இணைந்த கொடை 'பரிசில்' எனப்பட்டது. அதனைப் பெற்றவன் புலவன், கேட்டோன் அல்லன். மேலும், அது கூலியாகவும் கருதப்படவில்லை. அதியமான் தன்னைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு தருகின்றது. தாம் வாணிக நோக்குடன் வந்த பரிசிலர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தரப்படுவதாயின் மிகச் சிறிதும் இனிது என்றும் அவர் கூறுகின்றார். முகமறியாக் கொடை இழிவு என்பது இங்கு வெளிப்படும் கருத்தாகும். வீரயுகச் சமூகத்திற் கொடையானது தலைவனையும் பாடுவோனையும் ஒருவர்க்கொருவர் கடப்பாடுடையோராக்கியது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தமது கொடை பற்றிய ஆய்வில், பெறுதலும் திருப்பித் தருதலும் கொடுத்தலைப் போன்றே கட்டாயமானவை என நிறுவியதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

மன்னார்க் கடலின் எதிர்க்கரையான கீழக்கரையில், 17ஆம் நூற்றாண்டில் வணிக மூலதனம் இப்பண்பைத் தொடர்ந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்குச் சீதக்காதியும், அவரையடுத்து அபுல் காசிம் மரைக்காயரும் புரவலராயினர். மன்னன் இருந்த இடத்தில் வணிகன் அமர்ந்தான். எனினும் பரிசில் இன்னும் புலவனையே சென்றடைந்தது. இதனோடு வைத்தெண்ணத்தக்கது முஸ்லிம் ஊர்களில் நிலவிய வக்பு முறை. பள்ளிவாசலுக்கோ மதரசாவுக்கோ வக்பு செய்யப்பட்ட நூலை விற்கவும் கூடாது, மீளப் பெறவும் கூடாது. வாசிப்போனிடமிருந்து எதனையும் எதிர்பார்க்காது, நூல் சந்தையினின்று நிரந்தரமாக விலக்கப்படுகின்றது. கொடுத்தவர் மறுமைப் பயனை எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் வாசிப்போனை அவர் எவர்க்கும் விற்கவில்லை.

அரபு மூலத்தையுடைய 'இனாம்' என்னும் சொல் ஆள்வோன் தந்த மானியத்தைக் குறித்தது. பின்னர் கடைத்தெருவில் விலையின்றிப் பெறுவதனைத்தையும் குறிக்கலாயிற்று. தமிழகக் கடைக்காரர் நிறைக்கு மேல் எடுத்துவைக்கும் 'கொசுறு' இன்னொரு வகையினது. அது முகமறிந்த வாடிக்கையாளனுக்கு உரியது, கேட்டுப் பெறுவது. ஆகவே, இலவசம் எனும் ஒரே சொல்லின் கீழ் வெவ்வேறு சமூக உறவுகள் மறைந்திருத்தல் புலனாகும்.

3

அச்சு இவ்வுறவைத் தலைகீழாக்கியது. ஒரு பிரதியை ஒரு புரவலனுக்காக ஆக்கிய நிலை மாறி, முகமறியாப் பலருக்காக ஆயிரம் பிரதிகள் ஆக்கப்பட்டபோது, புலவன் புரவலனைத் தேடியது போக, வெளியீட்டாளன் வாசகனைத் தேடவேண்டியவனானான். பரிசில் செல்லும் திசை மாறியது. முன்பு பெற்றவன் புலவன். இனிப் பெறுபவன் வாசகன்.

இத்திருப்பத்தை ஈழத்தில் முதலில் உணர்ந்தோர் கிறித்தவ மிசனரிமாராவர். 1816இல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்ட அமெரிக்க மிசன், 1820இல் ஜேம்ஸ் கரெட் எனும் அச்சாளரை வரவழைத்தது. எட்வேர்ட் பார்ன்சின் நிர்வாகம் அவர் தங்க அனுமதி மறுத்தது. 1830களில் மானிப்பாயில் அச்சகம் இயங்கத் தொடங்கியபின் துண்டுப்பிரசுரங்கள் பெருந்தொகையாக வெளிவந்து விலையின்றி வழங்கப்பட்டன. 1841 ஜனவரி 7இல் உதயதாரகை பிறந்தது. துண்டுப்பிரசுரத்தைப் பெற்றவனிடம் மிசன் பணத்தைக் கேட்கவில்லை. அவனது சமயத்தை மாற்றக் கேட்டது. அதாவது, இலவசத்தின் விலை பிறிதொரு நாணயத்தில் அறவிடப்பட்டது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவி, 1854இல் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டமை, அதே கருவியைக் கொண்டே அவ்விலையைச் செலுத்த மறுத்தமையாகும். முஸ்லிம்களிடையே சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கியதும் இந்நூற்றாண்டின் பொதுப்போக்கோடு இணைத்து நோக்கத்தக்கதே.

எனினும், சமயப் பிரசாரகனின் இலவசத்திற்கும் பின்வந்த வணிகனின் இலவசத்திற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. முன்னவன், தான் கொடுத்த நூல் வாசிக்கப்படவேண்டும் என விரும்பினான். பின்னவனுக்கு அது கட்டாயமில்லை.

4

வணிக இலவசத்தின் தோற்றத்தைத் தென்னிந்தியாவில் மருந்துத் தொழிலோடு தொடர்புபடுத்திக் காணலாம். காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியபோது, இசையரங்குகளில் அதனை விலையின்றிக் கொடுத்துப் பழக்கப்படுத்தினார். அத்தைலத்தில் ஈட்டிய பொருளே 1908இல் ஆந்திர பத்திரிகை தோன்ற ஆதாரமாயிற்று. தலைவலித் தைலமும் தேசிய இயக்கப் பத்திரிகையும் ஒரே மூலதனத்தின் இரு கிளைகளாயமைந்தமை இந்திய முதலாளி வர்க்கத்தின் அன்றைய இரட்டைத் தன்மையை நன்கு காட்டுகின்றது.

தேயிலை வரலாறு இதனினும் கசப்பானது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். அவர்தம் உழைப்பும், இந்தியத் தோட்டங்களில் அவரையொத்தோர் உழைப்பும் மேலைநாட்டுச் சந்தையை நிறைத்தன. பின்னர் இந்தியாவுக்குள்ளேயே தேநீருக்குச் சந்தை உருவாக்க வேண்டியபோது, 1903இல் விதிக்கப்பட்ட தேயிலை வரியின் நிதியைக்கொண்டு ஊர் ஊராகத் தேநீர் இலவசமாக வழங்கப்பட்டது. தேவை இருந்து பொருள் விற்கப்படவில்லை. பொருள் கொடுக்கப்பட்டுத் தேவை ஆக்கப்பட்டது. உற்பத்தி, நுகர்வுக்குரிய பொருளை மட்டுமன்றி நுகர்வோனையும் உற்பத்தி செய்கின்றது என்னும் மார்க்சின் கருத்துக்கு இதனினும் நேரான உதாரணம் தேடுதல் அரிது.

இம்முறையைத் தமிழ்ச் சஞ்சிகைத் துறைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் எஸ்.எஸ். வாசன். விளம்பர முகவராகவும் தபால் மூலம் பொருள் விற்பவராகவும் தொழில் பயின்ற அவர், பூதூர் வைத்தியநாதய்யர் 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928இல் விலைக்கு வாங்கினார். இலக்கியவாதியாகச் சஞ்சிகைக்கு வந்தவரல்லர் அவர். வாசகனின் முகவரி எத்துணைப் பெறுமதி உடையது என்பதை அறிந்து வந்தவர். 1930களில் விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி அதன் விற்பனையைப் பெருக்கிற்று. இத்தகைய போட்டிகளின் இயங்குமுறை எளிது. கட்டங்கள் சஞ்சிகையில் அச்சாகும். விடையைக் கட்டணத்துடன் அனுப்பவேண்டும். பலருடைய சிறு கட்டணம் சேர்ந்து சிலருக்குப் பெரும்பரிசாகும். ஆகவே, பரிசை உண்மையில் வழங்கியவர் பதிப்பாளர் அல்லர், தோற்ற வாசகரேயாவர். வாசகர் கூட்டம் தன் பணத்தைத் தானே பரிசாகப் பெற்று, அதற்காகச் சஞ்சிகைக்கு நன்றியும் கூறிற்று.

இப்போட்டிகளின் சமூகப் பின்னணியும் கருதத்தக்கது. 1929க்குப் பிந்திய உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலையின்றித் தவித்த படித்த கீழ்மத்தியதர இளைஞனுக்கு, மொழியறிவு ஒன்றே கைம்முதலாயிருந்தது. அக்கைம்முதலைக் கொண்டு ஒரே நாளிற் செல்வனாகலாம் என்ற கனவைக் குறுக்கெழுத்து அவனுக்கு விற்றது. இந்தியாவெங்கும் பெருகிய இப்போட்டிகளைக் கட்டுப்படுத்த 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு மாதத்திற் கொடுக்கப்படும் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாவைத் தாண்டும் போட்டியை அது தடைசெய்தது. 1957இல் இந்திய உயர்நீதிமன்றம், அச்சட்டம் சூதாட்டத் தன்மை கொண்ட போட்டிகளுக்கே பொருந்தும், திறமையால் வெல்லப்படுவனவற்றுக்குப் பொருந்தாது என விளக்கியது. வாசகன் புலமையாளனா, சூதாடியா என்ற வினாவை இலக்கிய விமர்சகர் எழுப்பாத காலத்தில் நீதிமன்றம் எழுப்பவேண்டியதாயிற்று.

5

இவ்விடத்தில், பிரச்சினையின் மையத்தைக் காண்பதற்கு மேலைநாட்டு வரலாற்றை நோக்குதல் பயனுடையது. 1836இல் எமில் த ஜிரார்தென், பாரிசில் லா பிரெஸ் எனும் நாளிதழை ஏனையவற்றின் பாதிச் சந்தாவுக்குக் கொடுத்தார். மிகுதியை விளம்பரதாரர் செலுத்தினர். எனவே, விலைகுறைந்த பத்திரிகை தன்னளவிலேயே ஓர் இலவசமாகும். பாதியைப் பிறர் செலுத்துகின்றனர் என்பதை வாசகன் காண்பதில்லை. கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் உண்மையில் உற்பத்தி செய்யும் பண்டம் செய்தியோ கதையோ அன்று, விளம்பரதாரருக்கு விற்கப்படும் வாசகர் கூட்டமே என வாதிட்டார். கதையும் பாட்டும் அக்கூட்டத்தைச் சேர்ப்பதற்கான இலவசங்கள். இந்தியாவில் 1948இல் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்யும் அமைப்பு நிறுவப்பட்டது. விளம்பரதாரருக்கு விற்கப்படும் அப்பண்டத்தை நம்பத்தக்க முறையில் அளந்துகாட்டுவதே அதன் பணி.

இதன் முழு விளைவையும் அனுபவித்தது தொழிலாளர் பத்திரிகை ஒன்று என்பது வரலாற்றின் கொடிய நகையாகும். பிரித்தானியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பங்குடைமையைக் கொண்ட டெயிலி ஹெரால்ட், 1930 முதல் ஓடம்ஸ் நிறுவனத்தின் முகாமையில் வந்தது. வீடுதோறும் முகவர்களை அனுப்பி, பரிசுகள் கொடுத்து, 1933இல் இருபது இலட்சம் பிரதிகளை எட்டியது. அப்பரிசுகளுட் சிறந்தது டிக்கன்ஸ் நாவல்களின் தொகுதி. போட்டிப் பத்திரிகைகளும் டிக்கன்சைக் கொடுக்கலாயின. வறியோரின் துயரைப் பாடிய நாவலாசிரியன் தூண்டிலின் இரையானான் என இரங்குவதா, அத்தூண்டிலினாலேனும் தொழிலாளியின் வீட்டில் டிக்கன்ஸ் புகுந்தான் என மகிழ்வதா? இரண்டும் உண்மையே. ஆயின், 1964இல் அப்பத்திரிகை மூடப்பட்டபோது அது 12 இலட்சத்திற்கு மேற்பட்ட பிரதிகள் விற்றுக்கொண்டிருந்தது. அதன் வாசகர் தொழிலாளர், வாங்கும் வலிமை குறைந்தோர், விளம்பரதாரருக்கு வேண்டாதோர். இலவசத்தால் வாசகனை அடையலாம். ஆயின் அவ்வாசகன் ஏழையாயின் சந்தையில் அவனை வாங்குவார் இல்லை. பரிசுகளால் ஒரு வர்க்கப் பத்திரிகையைக் காக்க முடியாது என்பதற்கு இது தக்க சான்று.

6

ஈழத்துக்கு மீள்வோம். 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர் தமிழகத்து வணிகச் சஞ்சிகைகளின் மட்டற்ற இறக்குமதியை எதிர்த்தனர். தேசிய இலக்கியக் கோட்பாட்டின் பெயரால் அவ்வெதிர்ப்பு எழுந்தாலும், அதன் பொருளாதார அடிப்படை மேற்கூறியதேயாகும். பெருஞ்சந்தையின் விளம்பர வருவாயால் விலை தாழ்த்தப்பட்ட சஞ்சிகையோடு, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை போன்ற சிறு வெளியீடு விலையிற் போட்டியிட இயலாது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அச்சூழலில் வீரகேசரிப் பிரசுரங்கள் உள்ளூர் நாவலுக்குப் பரந்த வாசகர் தொகையைத் தேடித் தந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அத்துறை தளர்ந்தது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? கட்டுப்பாடு சந்தையைத் தந்தது. ஆயின் வாசகனோடு நிலைத்த உறவைத் தானாகத் தந்துவிடவில்லை. அவ்வுறவு ஏற்பட்ட இடங்களில் அது வேறு வழியிலேயே ஏற்பட்டது. ஜீவா மல்லிகைப் பிரதிகளைக் கையிலேந்தி வீதிகளில் தாமே விற்றார். அங்கு வாசகன் முகமறியப்பட்டான். அவனுக்குச் சீப்புத் தேவைப்படவில்லை.

நேர்மையாயின் எமது அணியின் கணக்கையும் பார்க்கவேண்டும். சோவியத் அரசின் மானியத்தால் மிகக் குறைந்த விலைக்கு வந்த ருசிய இலக்கியங்களும் மார்க்சிய மூலநூல்களும் இலவசத்திற்கு அண்மியனவே. 1951இல் சென்னையில் நிறுவப்பெற்ற நியூ செஞ்சுரி புத்தக நிலையம் அவற்றைத் தமிழகமெங்கும் பரப்பியது. சோவியத் நாடு சந்தாதாரருக்கு நாட்காட்டியும் கிடைத்தது. அதன் வழுவழுப்பான தாள்கள் பிள்ளைகளின் பாடநூல்களுக்கு உறையாயின. கார்க்கியையும் செக்கோவையும் எம் தலைமுறைகள் அவ்வழியே பெற்றன என்பது மறுக்கவொண்ணாதது. ஆயின், 1991இல் அவ்வரசு வீழ்ந்ததும் அந்நூல்கள் கடைகளிலிருந்து மறைந்தன. வாசகர் தம் பணத்தாலும் உழைப்பாலும் தாங்காத வெளியீடு, எத்துணை உயர்ந்த நோக்குடையதாயினும், கொடுப்போன் கை மடங்கியதும் மடியும்.

7

கணினியின் வருகையோடு இலவசம் புதிய வடிவெடுத்தது. 1990களில் அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தனது இணையச் சேவைக்கான வட்டுகளைத் தபாலிலும் சஞ்சிகைகளிலும் வைத்து வீடுதோறும் அனுப்பிற்று. இந்தியக் கணினிச் சஞ்சிகைகளும் அட்டையோடு இறுவட்டை ஒட்டி விற்றன. இணைய இணைப்பு மந்தமாகவும் விலை மிக்கதாகவும் இருந்த காலத்தில் அவ்விறுவட்டு வெறும் ஈர்ப்புப் பொருளன்று; மென்பொருள் சிற்றூரை அடைந்த வழி அதுவேயாகும். 2005 ஏப்ரலில் இந்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய இறுவட்டைச் சென்னையில் வெளியிட்டு இலவசமாக வழங்கியது. அதே 2005 முதல் 2011 வரை உபுண்டு இயங்குதளத்தின் வட்டுகளைக் கனோனிக்கல் நிறுவனம் கேட்டோர்க்கெல்லாம் தபாற் செலவுமின்றி உலகெங்கும் அனுப்பியது.

இங்குத் தமிழ்மொழி ஆங்கிலத்தினும் தெளிவுடையதாயிருத்தல் நோக்கத்தக்கது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய இயக்கம், விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல்லாற் குறிக்கும் ஆங்கிலத்தின் குழப்பத்தை ஓயாது விளக்கவேண்டியிருந்தது. தமிழர் அதனைக் 'கட்டற்ற மென்பொருள்' என்றனர். இலவசம் என்பது விலையைப் பற்றியது. கட்டின்மை என்பது உறவைப் பற்றியது. கட்டற்ற பொருளைப் பெற்றவன் அதனைத் திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், அவனும் கொடையாளியாகலாம். இலவசப் பொருளைப் பெற்றவனோ பெறுபவனாகவே நிறுத்தப்படுகின்றான்.

2015 பெப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம், தான் தேர்ந்த சில தளங்களை மட்டும் கட்டணமின்றிக் காணும் சேவையை இந்தியாவில் ரிலையன்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் வாயிலாகத் தொடங்கியபோது, தமிழகமும் முதற்கட்டப் பகுதிகளுள் ஒன்றாயிருந்தது. ஏழைக்கு இணையம் என்பது அதன் முழக்கம். எதனைக் காணலாம் என்பதைக் கொடுப்போனே முடிவுசெய்தான் என்பது அதன் உள்ளடக்கம். பரந்த மக்கள் எதிர்ப்பின்பின், 2016 பெப்ரவரி 8இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய பாரபட்சக் கட்டணங்களைத் தடைசெய்தது. துண்டுப்பிரசுரம் பெற்றவனிடம் சமயமும், குறுக்கெழுத்துப் போட்டியாளனிடம் கட்டணமும் கேட்கப்பட்டன. இங்கோ வாசகனின் கவனமும் பழக்கவழக்கமும், அவனைப் பற்றிய தரவுமே விலையாயின. பண்டமாக்கல் நிறைவெய்திய நிலை இது எனலாம்.

8

இதுவரை கூறியவற்றால் இலவசம் அனைத்தும் இழிந்தது என்ற முடிபுக்கு வருதல் தவறாகும். இலங்கையில் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நிலைபெற்ற இலவசக் கல்வியும், 1980 முதல் வழங்கப்படும் இலவசப் பாடநூல்களும் எவருடைய பரிசுமல்ல. மக்களின் உழைப்பிலிருந்து மக்களுக்கே மீளும் உரிமை. எனவே உரிமை, கொடை, தூண்டில் என மூன்றாக இதனை வகுத்தல் தகும். இவற்றை வேறுபடுத்துவது பொருளின் விலையன்று. கொடுத்தபின் பெற்றவன்மீது கொடுத்தவனுக்கு என்ன அதிகாரம் எஞ்சுகின்றது என்ற வினாவே.

தாராபுரம் இவ்வினாவை எமக்குக் கூர்மையாக்குகின்றது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் தம் உடைமைகளை விட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது; 2009க்குப் பின்னரே மீள்குடியேற்றம் பெருமளவில் தொடங்கியது. எதனையும் எடுத்துச்செல்ல முடியாதவனிடம் வக்பு நூலும் இல்லை, பாடநூலும் இல்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளின் முன், 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களை இழந்திருந்தது. இழப்பு ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இழப்பித்தவரும் ஒருவரல்லர். முற்போக்காளர் இரண்டையும் ஒரே குரலிற் பேச வேண்டும்.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கென 2005இல் தோன்றிய நூலகம் திட்டமும் தன்னார்வலரின் உழைப்பால் ஆயிரக்கணக்கான நூல்களை எவரும் விலையின்றி வாசிக்க வைத்துள்ளன. அங்கு வாசகனுக்குப் பரிசு இல்லை, போட்டி இல்லை. அவனை விளம்பரதாரருக்கு விற்கும் ஏற்பாடும் இல்லை. தட்டச்சுச் செய்யவும் வருடவும் பிழை திருத்தவும் அவன் அழைக்கப்படுகின்றான். பழைய வக்பின் நியாயம், புதிய உற்பத்திச் சாதனத்தின் மீது, இம்முறை சமயஎல்லை கடந்து மீண்டும் தோன்றியிருக்கின்றது. ஆயினும் சோவியத் நூல்களின் வரலாறு தரும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். பயன்பெறுவோர் உழைப்பாலும் நிதியாலும் தாங்காவிடின் இதுவும் ஒருநாள் நின்றுபோகும். இலவசமாக வாசிப்பவன் தான் செலுத்தவேண்டிய விலை யாதென்று தானே கேட்கும்போதுதான், அவன் வாடிக்கையாளன் என்ற நிலையிலிருந்து வாசகன் என்ற நிலைக்கு உயர்கின்றான்.